பொதுச் சுகாதாரத்துக்குப் போகும் மருத்துவர் மருத்துவத்தை விட்டுப் போகிறாரா?

வாசகர் கேள்வி: 2024 ஜூன் 3

பொது மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். அடுத்துத் தொற்றுநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு, அதன்பின் உலகப் பொதுச் சுகாதாரத்தில் வேலை என்பது என் எண்ணம். என் பேராசிரியரோ, நோயாளியின் நாடியைத் தொடாதவன் மருத்துவனே அல்லன் என்றும், பொதுச் சுகாதாரத்துக்குப் போனவர்கள் பத்து ஆண்டுகளில் கோப்பு நகர்த்தும் அலுவலர்களாகிவிடுகிறார்கள் என்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான் என்று எனக்கும் தோன்றத் தொடங்கிவிட்டது. இத்துறையில் இருப்பவர்கள் மறுக்க முடிந்தால் மறுக்கட்டும்.

ஜூன் 4

பாதியை மறுக்கிறேன். மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மலேரியா என்று கருதியே சிகிச்சை தொடங்கியது. மறுநாள் அவரைப் பார்த்த மூத்த மருத்துவர் ஸ்டெல்லா அமேயோ அடடேவோ, நோயின் போக்கையும் அவர் புறப்பட்டு வந்த நாட்டையும் சேர்த்து யோசித்து, இது எபோலாவாக இருக்கலாம் என்று ஐயுற்றார். எபோலா நோயாளி எவரோடும் தமக்குத் தொடர்பில்லை என்று நோயாளி மறுத்தார். ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டியவர் என்பதால் அவரை விடுவிக்கச் சொல்லி வெளியிலிருந்து அழுத்தமும் வந்தது. அடடேவோ விடவில்லை. நைஜீரியாவில் மொத்தம் 20 பேருக்கு நோய் கண்டது, 8 பேர் இறந்தார்கள், அக்டோபர் 20 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டை எபோலா நீங்கிய நாடாக அறிவித்தது. அதைக் காண அடடேவோ இல்லை. ஆகஸ்ட் 19 அன்று அதே நோய்க்குப் பலியாகியிருந்தார்.

அவர் செய்தது படுக்கையருகு மருத்துவமா, பொதுச் சுகாதாரமா? ஒரே நோயாளி, ஒரே அறை, ஒரே முடிவு. ஆனால் அந்த முடிவு பெருநகரம் ஒன்றைக் காத்தது. உங்கள் பேராசிரியர் வரைகிற கோடு அந்த அறையில் எங்கே விழும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடடேவோ கதவை அடைத்த பிறகும் நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைக் கண்டுபிடித்து, 21 நாட்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் காய்ச்சல் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த அமைப்பு ஒரே வாரத்தில் முளைத்ததன்று. போலியோ ஒழிப்புக்காகப் பல ஆண்டுகளாகக் கட்டியது, எபோலாவுக்குத் திருப்பிவிடப்பட்டது. கோப்பு நகர்த்தும் அலுவலர்கள் கட்டிய அமைப்பு அது.

ஜூன் 4, இரவு

சம்பளம் எப்படி என்று ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார். தொற்றுநோய் மருத்துவர்களான எங்களிடம் எண்டோஸ்கோப்பும் இல்லை, ஸ்டென்ட்டும் இல்லை. எங்கள் முதன்மைக் கருவி கேள்வி. கேள்விக்குக் கட்டணம் வசூலிக்க இன்னும் எந்த மருத்துவமனையும் வழி கண்டுபிடிக்கவில்லை. மற்றதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 7

கேள்வி என்று விளையாட்டாக எழுதினேன். அதைக் கொஞ்சம் விரித்தால்தான் உங்கள் பேராசிரியருக்கான பதில் முழுமையாகும்.

அமெரிக்காவின் நோய்ப்பரவல் புலனாய்வுப் பணி 1951இல் அலெக்சாண்டர் லாங்முயர் என்பவரால் தொடங்கப்பட்டது. அதன் சின்னம் அடிப்பகுதியில் ஓட்டை விழுந்த ஒரு காலணி. நடந்து தேய்ந்து போய்க் கேட்டால்தான் உண்மை கிடைக்கும் என்பது அதன் பொருள். உள்நோயாளிப் பிரிவில் முதுநிலை மாணவர் ஒவ்வொரு காலையும் செய்யும் வேலையும் அதுதான்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன செய்தீர்கள், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது. ஒருவரிடம் கேட்டால் நோய்வரலாறு. ஐம்பது பேரிடம் கேட்டு அட்டவணையில் அடுக்கினால் நோய்ப்பரவல் விசாரணை.

என் அனுபவத்தில் இது விளங்கியது ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில். பர்கோல்டேரியா செபேசியா என்ற நுண்ணுயிர் அடுத்தடுத்து நோயாளிகளின் இரத்தக் கல்ச்சரில், அதாவது இரத்தத்திலுள்ள நுண்ணுயிரை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர்ந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் அந்த உயிர் ஒருவரின் இரத்தத்தில் இருந்தால் அவருடைய கெட்ட காலம் எனலாம். பலரின் இரத்தத்தில் இருந்தால் எங்கோ ஒரு புட்டியில் அது குடியிருக்கிறது என்று பொருள். மருந்துப் பட்டியல்களை ஒப்பிட்டபோது ஒன்றும் பிடிபடவில்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவரோடு உட்கார்ந்து, மருந்து செலுத்திய பிறகு ஊசிக்குழாயைக் கழுவுவதற்கான உப்புநீரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் விடை வந்தது. ஒரே பெரிய சலைன் புட்டியில் ஊசியைக் குத்தி வைத்து, அதிலிருந்து எல்லாப் படுக்கைகளுக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறு அளவுப் புட்டிகள் வாங்கித் தரப்படாததால் வந்த பழக்கம் அது. செவிலியர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. மருத்துவக் குறிப்பேட்டில் சலைனால் கழுவியதை யாரும் எழுதுவதில்லை என்பதால், எந்தத் தரவுத்தளமும் அதைக் காட்டியிருக்காது.

இதே கதையின் கொடிய வடிவம் 1976இல் அன்றைய ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் யம்புக்குவில் நடந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் நாள் ஒன்றுக்கு ஐந்து ஊசிகளே தரப்பட்டன. ஒரு நோயாளிக்குக் குத்தியதை வெதுவெதுப்பான நீரில் அலசி அடுத்தவருக்குக் குத்தினார்கள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களுக்கு அங்கே ஊசி போடுவது வழக்கம். 318 பேருக்கு எபோலா கண்டு 280 பேர் இறந்தார்கள். மருத்துவமனைப் பணியாளர்கள் 17 பேரில் 11 பேர் மாண்டு, அம்மருத்துவமனை மூடப்பட்ட பிறகே நோய் தணிந்தது. அங்கே முதலில் போய்ச் சேர்ந்த மருத்துவர்களில் ஒருவரான ஜான்-ஜாக் முயெம்பே வெறுங்கையால் இரத்தம் எடுத்தார், உயிர் தப்பினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம் நாட்டிலேயே எபோலாவோடு போராடி, 1995இல் கிக்விட் நகரில் நோயிலிருந்து பிழைத்த ஒருவரின் எதிரணுக்களிலிருந்து உருவான மருந்து 2019இல் பயன் தருவதாக நிறுவப்பட்ட ஆய்வையும் அவரே முன்னின்று நடத்தினார். ஒருவருடைய தொழில் வாழ்க்கை என்று எதையாவது சுட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் சுட்டுவேன்.

ஜூன் 11

ஒருவர் குறுக்கே வந்து சரியான இடத்தில் தட்டியிருக்கிறார்: பெரியம்மை ஒழிப்பை 1966 முதல் 1977 வரை நடத்திய டி. ஏ. ஹெண்டர்சன் படுக்கையருகே எத்தனை ஆண்டு நின்றார்? பயிற்சி மருத்துவம் முடிந்த கையோடு புலனாய்வுப் பணிக்குப் போனவர், பின்னர் வாழ்நாள் முழுவதும் நிர்வாகி. நோய்வரலாறு கேட்கும் பழக்கமே அடிப்படை என்ற என் வாதம் அவருக்குப் பொருந்துமா?

யோசித்துப் பார்த்தேன், முழுமையாகப் பொருந்தாது. ஹெண்டர்சனின் திறமை வேறு. எந்த நாட்டுக்கு எவ்வளவு தடுப்பூசி, எவ்வளவு வாகனம், யார் பொய்யான அறிக்கை அனுப்புகிறார்கள், எந்த அமைச்சரை யார் மூலம் அணுகுவது என்பதெல்லாம் அவருடைய நோயியல். அவர் இல்லாமல் பெரியம்மை ஒழிந்திராது. ஆகவே என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்: இத்துறைக்கு நிர்வாகிகளும் வேண்டும், ஆனால் வழக்கமான வழி அடைபடும்போது புதிய வழியைக் கண்டவர்கள் பெரும்பாலும் களத்தில் நோயாளிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்கள்.

வில்லியம் ஃபோகி அவர்களில் ஒருவர். கிழக்கு நைஜீரியாவில் மிஷன் மருத்துவராக இருந்தவர். 1966 டிசம்பரில் அப்பகுதியில் பெரியம்மை வெடித்தபோது, எல்லோருக்கும் போடுமளவு தடுப்பூசி அவரிடம் இல்லை. மக்களில் 80 விழுக்காட்டினருக்காவது தடுப்பூசி போட்டாக வேண்டும் என்பது அன்றைய கோட்பாடு. மிஷன்களிடம் இருந்த வானொலிக் கருவிகளின் மூலம் எந்தெந்த ஊர்களில் நோய் இருக்கிறது என்று அன்றாடம் விசாரித்து, நோய் கண்ட ஊர்களிலும், அங்குள்ளோர் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் ஊர்களிலும் மட்டும் தடுப்பூசி போட்டார். அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூள்வதற்குள் அப்பகுதியில் பெரியம்மை நின்றுவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களோ மக்களில் பாதிக்கும் குறைவு.

1974இல் பீகாரில் நோய் உச்சத்தில் இருந்தபோது அதே வழி ஏறத்தாழக் கைவிடப்படும் நிலைக்கு வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்த மாநில அமைச்சர், பழையபடி எல்லோருக்கும் தடுப்பூசி போடும் முறைக்குத் திரும்ப வேண்டும் என்றார். கூட்டத்தில் இருந்த இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் அந்த வீட்டின் மேல்தான் தண்ணீர் ஊற்றுவோம், ஊர் முழுவதும் ஊற்றுவதில்லை என்ற பொருள்படச் சொன்னார். அமைச்சர் அவகாசம் கொடுத்தார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. அந்த மருத்துவரின் பெயர் வரலாற்றில் பெரிதாக இல்லை. இத்துறையில் அது சாதாரணம். பெயர் வேண்டுமென்பவர்கள் இதய அறுவைக்குப் போகலாம்.

ஜூன் 12

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, வளையமாகத் தடுப்பூசி போடும் முறையை நான் மந்திரம்போல் புகழ்ந்துவிட்டதாகப் படுகிறது. அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பெரியம்மை முகத்தில் எழுதி ஒட்டியதுபோல் தெரியும் நோய், கொப்புளம் தோன்றுவதற்கு முன் பெரும்பாலும் பரவாது, விலங்குகளில் ஒளிந்திருப்பதில்லை, தொற்றிய பிறகும் மூன்று நான்கு நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் காப்பாற்றும். இவற்றில் எந்தக் கால் உடைந்தாலும் நாற்காலி சாயும். போலியோவில் தொற்றுக்கு உள்ளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் விழுகிறது; மற்றவர்கள் சத்தமில்லாமல் பரப்பிக்கொண்டிருப்பார்கள். யாரைச் சுற்றி வளையம் போடுவது? கோவிட் நோயிலும் அறிகுறி வருவதற்கு முன்பே பரவல் நடந்தது.

ஆனால் எபோலாவுக்குப் பொருந்தியது. 2015இல் கினியாவில் நடந்த தடுப்பூசி ஆய்வு, நோயாளி ஒவ்வொருவரையும் சுற்றியுள்ள தொடர்புகளையும் தொடர்புகளின் தொடர்புகளையும் ஒரு வளையமாகக் கொண்டு, சில வளையங்களுக்கு உடனேயும் சிலவற்றுக்கு 21 நாள் கழித்தும் தடுப்பூசி கொடுத்தது. உடனே போட்டுக்கொண்டவர்களில் 10 நாட்களுக்குப் பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஃபோகியின் அவசர ஏற்பாடு அரை நூற்றாண்டு கழித்து ஆய்வு வடிவமாகவே மாறியிருந்தது.

ஜூன் 16

ஒப்புக்கொள்ள வேண்டிய பாதிக்கு வருகிறேன், ஆனால் மஹாலனாபிஸைக் கடந்துதான் வர முடியும்.

1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்காவ் நகரில் இருந்த மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். சிரைவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தை மருத்துவரான திலீப் மஹாலனாபிஸ், சமையலுப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கலந்து பொட்டலங்களாக்கி, பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளியின் உறவினர்களிடமே குவளையைக் கொடுத்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு விகிதம் அவருடைய பொறுப்பில் இருந்த முகாமில் 3.6 விழுக்காடாக இறங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பருவா நேரில் வந்து பார்த்து, பின்னர் அதை உலகெங்கும் கொண்டுசென்றார்.

இங்கே மருத்துவர் செய்த முக்கியமான செயல், சிகிச்சையைத் தம் கையிலிருந்து தாயின் கைக்கு மாற்றியது. பயிற்சிக் காலம் முழுவதும் நாம் கற்பது அதற்கு நேர்மாறு: ஊசி என் கையில், முடிவு என் கையில், நன்றியும் என் கையில். பொதுச் சுகாதாரத்தில் வெற்றி என்பது மருத்துவர் தேவைப்படாமல் போவது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு இதையே இன்னொரு வகையில் காட்டியது. சானடோரியம் எனப்படும் காசநோய் விடுதியில் ஓய்வும் நல்லுணவும் பெற்று மருந்து உண்டவர்களையும், நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை ஓராண்டு உண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரும் காரணம்.

இப்போது ஒப்புக்கொள்கிறேன். இந்த வெற்றிகளில் நீங்கள் காப்பாற்றிய ஆளைப் பார்க்க முடியாது. நோய் வராதவருக்கு முகம் இல்லை. அவர் உங்களைத் தேடி வந்து கும்பிடப் போவதும் இல்லை. திட்டப் பணிக்கு மாறிய தொடக்க ஆண்டுகளில் என்னை அரித்தது இதுதான். காசநோய்த் திட்டத்தின் காலாண்டு அறிக்கையில் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்களின் விழுக்காடு சற்றுக் குறைந்திருந்தால் கூட்டத்தில் தலையசைப்பார்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்கும் ஆசை முதலில் இருந்தது; பிறகு மங்கியது; ஒரு கட்டத்தில் கேட்காமலே கூட்டம் முடிந்ததைக் கவனித்து எனக்கே திடுக்கிட்டது. உங்கள் பேராசிரியர் அஞ்சுவது இதையென்றால் அவர் அஞ்சுவது நியாயம். அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில் உட்காரும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். தியாகம் ஒன்றும் இல்லை. அறிக்கையைச் சரியாகப் படிப்பதற்கான ஏற்பாடு. மாத்திரை குமட்டுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்று ஒருவர் நேரில் சொல்லிக் கேட்டால்தான் இடையில் நிறுத்தியவர் என்ற சொல்லுக்குள் இருப்பது மறதியா, பசியா என்று புரிகிறது.

ஜூன் 17

மஹாலனாபிஸ் அனுமதி வாங்கினாரா, அவர் செய்தது சரியென்றால் கோவிட் காலத்தில் ஆளாளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்ததும் சரிதானே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார்.

இரண்டும் ஒன்றல்ல. குளுக்கோஸ் இருந்தால் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும் என்பது 1971க்கு முன்பே தெரிந்த உடலியல். டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவமனை ஆய்வுகளும் நடந்திருந்தன. அவர் முன்னால் இருந்த கேள்வி, மருத்துவமனையில் நிறுவப்பட்டதை முகாமில் பயிற்சியில்லாதவர்கள் கையில் கொடுக்கலாமா என்பதுதான். துணிச்சலுக்குக் கீழே தரை இருந்தது. கோவிட் காலத்தில் பலர் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்துக்குக் கீழே நம்பிக்கை மட்டுமே இருந்தது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு அந்த மருந்தால் பயனில்லை என்று காட்டியது. அதே ஆய்வு, விலை மலிவான டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததையும் காட்டியது. மருந்துக் கட்டுப்பாட்டுக் குழுவில் உட்கார்ந்து, குடும்பத்தார் கெஞ்சும்போது பயன் நிறுவப்படாத மருந்துக்குக் கையெழுத்துப் போட மறுப்பதைப்போல் தனிமைப்படுத்தும் வேலை வேறில்லை. நீங்கள் கல்நெஞ்சர் என்று உங்கள் நண்பர்களே சொல்வார்கள். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

ஜூன் 23

விலையைப் பற்றி இதுவரை எழுதாதது எனக்கே வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் இத்துறையில் பாதி நோய் அதுதான்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்தது. 2000ஆம் ஆண்டளவிலும் ஒருவருக்கு ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. அந்த ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்களுக்கு, எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டே அதை எழுதாமல் விடுவது அன்றாட வேலை. சீட்டில் எழுதினால் நிலத்தை விற்பார்கள், விற்ற பணம் சில மாதங்களில் தீரும், பாதியில் நின்ற சிகிச்சை நோயாளியிடம் எதிர்ப்புத்திறன் பெற்ற வைரஸை விட்டுச் செல்லும். எழுதாவிட்டால் இறப்பார்கள். எந்தப் பாடநூலும் இதற்கு விடை சொல்லவில்லை. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, மருத்துவக் கண்டுபிடிப்பு எதுவும் புதிதாக நிகழாமலேயே, தீராத நோய் ஒன்று மருந்துக்கு அடங்கும் நோயாக மாறியது.

அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மரும் அவருடைய தோழர்களும் பெருவில் லிமா நகரின் வடபகுதியில் பல மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கியபோது, ஏழை நாடுகளில் அது செலவுக்கு ஏற்ற பயன் தராது என்பதே வல்லுநர்களின் பொதுக்கருத்து. நோயாளிகளின் வீடுகளுக்கே சமூகப் பணியாளர்களை அனுப்பிச் சிகிச்சை நடத்தினார்கள். நான்கு மாதங்களாவது சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குணமடைந்ததாக 2003இல் முடிவுகள் வெளிவந்தன. செலவுக்கணக்கு தவறென்று நான் சொல்ல மாட்டேன். பணம் எல்லையற்றதன்று, யாராவது கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஆனால் கணக்கில் மருந்தின் விலையை மாறாத எண்ணாக எடுத்துக்கொண்டவர்கள், அது பேரம் பேசி மாற்றக்கூடிய எண் என்பதைப் பார்க்கவில்லை.

ஜூன் 24

எல்லோரும் படுக்கையிலிருந்து மேசைக்குப் போவதையே பேசுகிறோம். எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. சுனிதி சாலமன் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர். 1986இல் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. மாதிரியோடு அவர் நிறுத்தியிருக்கலாம். பிற மருத்துவர்கள் இந்நோயாளிகளைத் தொடத் தயங்கியதைக் கண்டு, 1993இல் தாமே ஒரு சிகிச்சை மையத்தை நிறுவி, ஆய்வகத்திலிருந்து நோயாளிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

ஜூன் 30

வீட்டில் என்ன சொல்வது என்று கேள்வி கேட்டவரே இப்போது கேட்டிருக்கிறார். பெற்றோர் அஞ்சுகிறார்களாம்.

அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. கார்லோ உர்பானி, குழந்தைகளின் குடற்புழுக்களைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஹனோயில் பணியாற்றிய ஒட்டுண்ணியியல் வல்லுநர். 2003 பிப்ரவரி இறுதியில் ஒரு மருத்துவமனை விசித்திரமான நிமோனியா என்று அழைத்தபோது தொலைபேசியில் அறிவுரை சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். போனார், நாள்தோறும் போனார், தனிமைப்படுத்தும் முறைகளை ஏற்படுத்தினார், அரசை எச்சரித்தார். மார்ச் 12 அன்று உலகளாவிய எச்சரிக்கை வெளியானது. மார்ச் 29 அன்று சார்ஸ் நோயால் பாங்காக்கில் இறந்தார், வயது 46. ஏப்ரல் 28 அன்று சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடாக வியட்நாம் அறிவிக்கப்பட்டது. சியரா லியோனின் கெனெமாவில் எலிகளிடமிருந்து தொற்றும் லாசா காய்ச்சலுக்கான பிரிவை நடத்திய அனிரு கான்டே 2004இல் ஊசி குத்தி அந்நோயாலேயே இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஷேக் உமர் கான் 2014 ஜூலையில் எபோலாவால் இறந்தார்.

அச்சத்தைப் போக்கும் வாக்குறுதி எதுவும் என்னிடம் இல்லை. நடைமுறையை மட்டும் சொல்ல முடியும். பாதுகாப்பு உடையை அணியும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். வியர்த்துக் களைத்து அதைக் கழற்றும்போதுதான் தொற்று நேர்கிறது. அதனால் கழற்றும் இடத்தில் ஒவ்வோர் அசைவையும் உரக்கச் சொல்லி நடத்தும் ஒரு துணை இல்லாத மையத்தில் நான் உள்ளே போவதில்லை. நேரமில்லை, ஆளில்லை என்று சொல்லும் பொறுப்பாளரிடம், ஆள் வரும்வரை வெளியே இருக்கிறேன் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற தேர்ச்சிகள் பிறகு.

ஆபத்து நமக்கு மட்டும் இல்லை, நம்மாலும் உண்டு. 2010 ஜனவரியில் நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஹைட்டியில் அக்டோபரில் காலரா வெடித்தது; அதற்குமுன் குறைந்தது ஒரு நூற்றாண்டாக அங்கே காலரா பதிவாகவில்லை. ஐ.நா. அமைதிப் படை முகாம் ஒன்றின் கழிவு ஆர்ட்டிபோனிட் ஆற்றோடு சேரும் ஓடையில் கலந்ததை ரெனோ பியாரு என்ற பிரெஞ்சு மருத்துவரின் விசாரணை சுட்டிக்காட்டியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். தன் பங்கை ஐ.நா. 2016இல்தான் ஏற்றுக்கொண்டது. உதவப் போகிறவர்கள் தங்கள் கழிப்பறை எங்கே வடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 6

கடைசியாக நடைமுறைக் கேள்விகளுக்கு.

பொதுச் சுகாதாரப் பட்டத்தை உடனே படிக்கலாமா? வேண்டாம். தொற்றுநோய்ப் பிரிவில் குறைந்தது இரண்டு ஆண்டு, நள்ளிரவு அழைப்புகள் உட்பட. காய்ச்சலோடு வருகிறவரிடம் டெங்குவையும் டைஃபாய்டையும் ஸ்க்ரப் டைஃபஸையும் பிரித்தறியத் தடுமாறிய அனுபவம் இல்லாதவர், சந்தேக நோயாளி யார் என்ற வரையறையை எழுதினால், களப்பணியாளர் அதைப் பயன்படுத்த முடியாது.

புள்ளியியலா, கணினி மொழியா? புள்ளியியல் முதலில். கணினி மொழி ஒன்று தேவை, அது எதுவானாலும் பரவாயில்லை. அதைவிடத் தேவையானது, இரண்டு பக்கத்துக்குள் ஓர் அறிக்கையை எழுதுவது. ஆட்சியர் முதல் பக்கத்தைத்தான் படிப்பார்.

நேரே ஜெனீவாவுக்கு, அதாவது உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமையகத்துக்கு, விண்ணப்பிக்கலாமா? அங்கே முதல் ஆண்டில் நீங்கள் செய்யப்போவது பிறருடைய அட்டவணைகளைச் சரிபார்ப்பது. அந்த அட்டவணையின் கட்டங்களை நிரப்பும் ஒரு மாவட்டக் காசநோய் அலுவலகத்தில் முதலில் வேலை பாருங்கள். சளிப் பரிசோதனைக்கான வேதிப்பொருள் தீர்ந்த மாதத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை எப்படி அழகாகக் குறைந்து தெரிகிறது என்பதைப் பார்த்தவர், ஜெனீவாவில் அந்த வரைபடத்தைக் கண்டதும் கைதட்டாமல் தொலைபேசியை எடுப்பார்.